கடற்பசுவும் கடலோரப் பள்ளிச் சிறுவரும்

தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையில் பரந்து கிடக்கும் ஆழங்குறைந்த கடலில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசாங்கம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இப்பிராணிக்கென்றே ஒதுக்கப்பட்ட முதற் கடற்பகுதி இதுவாகும். அறிவிப்பு வெளியாகிவிட்டது, எனினும் கடலுக்கு வேலியிட இயலாது. கடற்பசு பிழைப்பதும் மடிவதும் கரையிலுள்ள காரியாலயங்களில் நிர்ணயிக்கப்படுவதில்லை. வலையிழுக்கும் மீனவரின் படகில், சில நிமிஷ நேரத்திற்குள் நிர்ணயிக்கப்படுகின்றன.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளப் பிராணியின் இயல்பை அறிதல் வேண்டும். பாக் விரிகுடாக் கரையில் ஆவுளியா என்று வழங்கப்பெறும் கடற்பசு மீனன்று. நுரையீரலால் சுவாசித்துக் குட்டிக்குப் பாலூட்டும் பிராணி. தரைவாழ் பிராணிகளுள் இதற்கு நெருங்கிய உறவு யானையே என்று கூறினால் மாணவர்கள் வியப்படைவர். ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோகிராம் எடையும் உள்ளதாக வளரும். கடலின் அடியில் மேய்ந்துவிட்டு, மூச்சு வாங்குவதற்காகச் சில நிமிஷங்களுக்கு ஒரு முறை நீர்மட்டத்திற்கு வந்தாகவேண்டும். செவுள் வலையிலோ திருக்கை வலையிலோ சிக்கிக்கொண்டால் மேலெழ முடியாமல் மூச்சுத் திணறி இறந்துபோகிறது. உயிரோடு இருக்கையிலேயே மீனவர் அதைக் காண நேர்ந்தால், வலையை அறுத்துவிட்டால்தான் அது பிழைக்கும். அறுபடுவதோ கடன் வாங்கி வாங்கிய வலையாகவும் இருக்கலாம். ஆவுளியாவின் இறைச்சிக்கு ஒரு காலத்தில் இக்கரையில் நல்ல விலை இருந்தது. அதற்கு மருந்துக் குணம் உண்டென்ற நம்பிக்கையும் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பிராணியை முதலாம் அட்டவணையில் சேர்த்து, வேட்டையாடுவதையும் விற்பதையும் கடுங்குற்றமாக்கியுள்ளது. ஆனால் நடுக்கடலில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை பல.

இந்தியக் கடல்களில் மொத்தம் சுமார் 240 கடற்பசுக்களே உள்ளன என்பது பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டபோது தரப்பட்ட மதிப்பீடு. மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகியவையே அவற்றின் இருப்பிடங்கள். பெண் கடற்பசு பிறந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே முதற்குட்டியை ஈனும். கர்ப்பகாலம் பதின்மூன்று, பதினான்கு மாதங்கள். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள் கழியும். இத்தகைய இனம் எவ்வித இடையூறும் இல்லாத நிலையிலுங்கூட ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது என்று நிபுணர்கள் கணித்துள்ளனர். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் கணக்கிடச் செய்யலாம்: 240-க்கு 12. ஆண்டில் பன்னிரண்டு உயிர்கள் வலைகளில் அதிகப்படியாக மாண்டால் அவ்வாண்டின் பெருக்கம் முழுவதும் அழிந்துவிடுகிறது. பேரிங் கடலில் வாழ்ந்த இதன் பெரிய உறவினத்தை, ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1741-இல் முதன்முதலாகக் கண்டு விவரித்தார். 1768-க்குள் வேட்டையால் அது அற்றுப்போயிற்று. இருபத்தேழே ஆண்டுகள்.

அடுத்து அதன் உணவு. கடற்பசு ஏறக்குறைய முழுவதும் கடற்புல்லையே தின்று வாழ்கிறது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோகிராம் வரை மேயும். கடற்புல் வேறு, கடற்பாசி வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது படித்தவர்களிடையேயும் சாதாரணம். கடற்புல்லுக்கு வேரும் தண்டும் இலையும் உண்டு. அது பூத்துக் காய்ப்பதும் உண்டு. பாசிக்கு இவை இல்லை. பாதுகாப்பகப் பகுதியில் 12,250 ஹெக்டேர் பரப்பில் இப்புல்வெளி உள்ளதெனக் கூறப்படுகிறது. இறால், நண்டு, பலவகை மீன்கள் ஆகியவற்றின் குஞ்சுகள் இங்கேதான் ஒளிந்து வளர்கின்றன. ஆகவே ஆவுளியாவின் மேய்ச்சல் நிலமும் மீனவரின் விளைநிலமும் ஒன்றே. இழுவை மடி அடித்தரையைச் சுரண்டிச் செல்லும்போது இவ்விருவரும் சேர்ந்தே இழக்கின்றனர். கரையை அடுத்த கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விதித்துள்ளது. அவ்விதி ஒழுங்காக அனுசரிக்கப்படுமாயின் புல்வெளியில் பெரும்பகுதி தானே தப்பிவிடும். இதை நாட்டுப்படகு மீனவர்களுக்கு எடுத்துச் சொல்ல அதிகப் பிரயாசை தேவையில்லை.

பாதுகாப்பகம் என்ற ஏற்பாட்டின் தன்மையும் கவனிக்கத்தக்கது. இது தேசியப் பூங்காவைப் போன்றதன்று. மக்களைக் கலந்தாலோசித்த பின்னரே அறிவிக்கப்பட வேண்டும் என்பதும், நிர்வாக ஆலோசனைக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளவை. மரபுவழி மீன்பிடிப்பு தடைசெய்யப்படவில்லை. 'ஆவுளியாவைக் காட்டி நம்மைக் கடலைவிட்டு விரட்டிவிடுவார்கள்' என்ற அச்சம் எந்தக் குப்பத்தில் நிலவினாலும், களப்பணியாளர் முதலில் போக்க வேண்டியது அதையே. மற்றப் பேச்செல்லாம் பின்னர்.

டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016 முதல் நடத்திவரும் கடற்பசு மீட்புத் திட்டத்தில் இரண்டு அம்சங்கள் ஆசிரியர்களுக்குப் பயன்படும். ஒன்று, வலையில் சிக்கிய பிராணியை உயிரோடு விடுவித்த மீனவருக்கு ரொக்கப் பரிசளித்து ஊரறியப் பாராட்டுதல். மற்றது, மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பள்ளி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் அளித்து, அவர்களைக் கடற்பசுவின் தூதுவர்களாக்குதல். பிள்ளை பள்ளியில் கேட்டதை இரவுச் சோற்றின்போது தகப்பனாரிடம் சொல்லும். மறுநாள் விடியலில் வலையில் ஏதோ கனத்தால், அச்சொல் அவர் நினைவுக்கு வரக்கூடும். தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளில் மீனவர் வலையை அறுத்துக் கடற்பசுக்களை விடுவித்த சம்பவங்கள் பல பதிவாகியுள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஓவியப் போட்டியும் ஊர்வலமும் நடத்திவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. படம் வரைந்த சிறுவனுக்குக் கடற்புல்லைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்காவிடில் படம் சுவரோடு நின்றுவிடும். கரையில் ஒதுங்கிய புல்லைப் பொறுக்கி வந்து, வேரையும் இலையையும் பிரித்துப் பார்க்கச் செய்தல், நீள்வட்ட இலை எது, நாடா போன்ற இலை எது என்று வகைப்படுத்திக் காகிதத்தில் அழுத்தி வைத்தல் ஆகியவற்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை. தஞ்சைக் கரையில் ஓம்கார் என்னும் தொண்டு நிறுவனத்தார் மூங்கிற் சட்டங்களில் தென்னைநார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல்லைப் பிணைத்து அடித்தரையில் நட்டு, சிதைந்த புல்வெளிகளைப் புதுப்பிக்க முயன்று வருகின்றனர். கைக்கெட்டும் பொருள்களைக் கொண்ட இம்முறையை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வர்.

முதியோரின் நினைவும் ஒரு விஞ்ஞானச் செல்வமே. கடலைக் கண்ணாலும் காணாத மைசூரில் தலைமையிடம் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆராய்ச்சியாளர்கள், அந்தமான் கடற்பசுக்களை ஆராயப் புகுந்தபோது, பழைய குறிப்புகளோடு மீனவர்களும் தீவுவாசிகளும் நினைவிலிருந்து கூறியவற்றையும் தொகுத்தே, அவை முன்னர் எங்கெங்கு வாழ்ந்தன, இப்போது எங்கே எஞ்சியுள்ளன என்பதை வரைந்தனர். நீரில் மறைந்து வாழும் சொற்பமான பிராணிகளை எண்ணுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி அரிது. பாக் விரிகுடாக் கிராமத்துப் பள்ளியொன்று இதையே சிறு அளவில் செய்யலாம். பாட்டனாரிடம் சென்று, ஆவுளியாவைக் கடைசியாக எந்த வருஷம், எந்த மாதம், எந்தத் துறைக்கு நேராக, எத்தனை பாகம் ஆழத்தில் கண்டார், உடன் குட்டி இருந்ததா என்று கேட்டு எழுதி வரச் சொல்ல வேண்டும். முன்னாளில் பிடித்ததைப் பற்றி அவர் கூறினால் அதை யாரிடமும் குற்றமாகப் பேசலாகாது. அப்படிப் பேசிவிட்டால் அடுத்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்.

இறந்து ஒதுங்கிய உடலைக் கண்டால் சிறுவர்கள் அதைத் தொடாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஆசிரியர் மூலம் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உடலில் வலைத்தழும்பு உண்டா, வயிற்றில் புல் உண்டா என்பவற்றைப் பரிசோதனையில் அறியலாம்; உடல் அழுகுமுன் செய்தி எட்டினால்தான் அது சாத்தியம்.