பெட்டியைத் திறக்கத் தெரிஞ்ச தலைமுறை

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. அன்றைக்கு எந்தக் கொம்பியூட்டரும் வெடிக்கவில்லை, எந்தத் திரையும் இருளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஹரோவில் எங்கட சனத்தின் வீடுகளில் கேட்கும் கதை ஒன்றுதான். "இது பழசாப் போச்சு, புதுசு ஒண்டு எடுப்பம்."

பழசாப் போனது உண்மையில் என்ன? விண்டோஸ் 11க்கு ரி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய புரொசெசரும் வேணும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017இல். அதற்கு ஒரு வருஷம் முன் வாங்கிய, இன்றைக்கும் ஒழுங்காக ஓடும் பெட்டிக்கு அனுமதி இல்லை. கை, கால் எல்லாம் நல்லாயிருக்கிற மனிசனை கடதாசி சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற மாதிரி. இந்த நாட்டுக்கு வந்த எங்களுக்கு அது விளங்காத விஷயமில்லை.

இந்த விதியால் அலுவலகங்கள் நல்ல பெட்டிகளைக் கழிக்கின்றன. டெல் ஒப்டிப்ளெக்ஸ், எச்.பி. எலீட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்ற பெயர்களில் பழைய சாமான் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் அவை கிடக்கின்றன. பொறுமையாகத் தேடினால், ஒரு புது மடிக்கணினியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்குப் போதுமான பெட்டி ஒன்றை வீட்டிலேயே ஒழுங்குபடுத்தலாம். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது.

ஹரோவில் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் எத்தனையோ பேர் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள். 1990இல் மின்சாரம் போனது. பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தலில் விளக்கு செய்தார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். யாரும் அதற்குப் பட்டப்படிப்புப் படிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கும் துணிவுதான் படிப்பு.

அதே ஆட்களைப் பற்றி இங்கே பிறந்த பிள்ளைகள் சொல்வது, "அப்பாவுக்கு ஃபோன் செட்டிங்ஸ்கூடத் தெரியாது" என்று. பிள்ளைகளுக்கு எல்லாச் செயலியும் தெரியும், ஆனால் மூடியைக் கழற்றினால் உள்ளே எது என்னவென்று பலருக்குத் தெரியாது. தகப்பனிடம் கைப்பழக்கம் இருக்கு, பிள்ளையிடம் மொழியும் யூடியூபும் இருக்கு. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் சந்திப்பதில்லை.

சேர்த்துப் பொருத்தும் வேலை இந்த ஊருக்கும் அந்நியமில்லை. வீல்ட்ஸ்டன் பக்கம் ஈஸ்ட்மன் வில்லேஜ் என்று வீடுகள் எழும்பும் இடத்தில் இருந்தது கொடாக் தொழிற்சாலை. 1891இல் தொடங்கி 2016இல் மூடப்பட்டது. அந்தக் கொம்பனியின் வீழ்ச்சிக்குப் பெரிய காரணம் டிஜிட்டல் கமெரா. அதன் முதல் வடிவத்தை 1975இல் அமெரிக்காவின் ரொசெஸ்டரில் செய்தவர் கொடாக்கின் சொந்தப் பொறியியலாளர் ஸ்டீவன் சாஸன். சூப்பர் 8 படக் கமெராவின் லென்ஸ், ஒரு கசெற் ரெக்கோடர், 16 பற்றரிகள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் பொருத்தினார். ஒரு படத்தைப் பதிய 23 செக்கன் எடுத்தது. ஒரு பெரிய தொழிலைக் கவிழ்த்த கருவி மிச்சச் சாமானில் பிறந்தது என்பதை, அந்தத் தொழிற்சாலை நின்ற ஊரில் வாழும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேணும்.

1980இல் சின்கிளெயர் இசட்எக்ஸ்80 என்ற வீட்டுக் கொம்பியூட்டர் பிரித்தானியாவில் வந்தபோது, பொருத்தியதன் விலை 99 பவுண் 95 பென்ஸ். நீங்களே ஈயம் வைத்துப் பொருத்தினால் 79 பவுண் 95 பென்ஸ். அந்த 20 பவுணை மிச்சம் பிடிக்க மேசையில் குந்தியிருந்த பெடியளில் எத்தனையோ பேர் பிறகு இந்த நாட்டின் மென்பொருள் துறைக்குப் போனார்கள். அந்தப் பழக்கம் அருகிவிட்டதென்ற கவலையில்தான் கேம்பிரிட்ஜில் ராஸ்பெரி பை உருவாகி, 2012இல் 35 டொலருக்கு விற்பனைக்கு வந்தது.

சரி, வீட்டில் தொடங்குவதென்றால் என்ன பார்க்க வேணும்?

விண்டோஸ் 11தான் வேணுமென்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதையுங்கோ. உதாரணத்துக்கு ஐ5 8500 என்ற புரொசெசருக்கு ஆறு கோர்கள். வீட்டு வேலைக்கு அது தாராளம். இதில் ஒரு பொறி இருக்கு. ஆறாம், ஏழாம் தலைமுறை மதர்போர்ட்டின் சொக்கெற்றும் எட்டாம் தலைமுறையின் சொக்கெற்றும் பார்க்க ஒரே மாதிரி, பெயரும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பழைய போர்ட்டில் எட்டாம் தலைமுறைச் சில்லை வைத்தால் வேலை செய்யாது. புரொசெசரை மட்டும் மலிவாக வாங்கி ஏமாறுவது இங்கேதான்.

டெல், எச்.பி. போன்ற அலுவலகப் பெட்டிகளில் பல உறுப்புகளும் இணைப்புகளும் அந்தந்தக் கொம்பனிக்கே உரியவை. ஒன்றின் பவர் சப்ளையைக் கழற்றி இன்னொன்றில் போடலாம் என்று நினைக்க வேண்டாம். அப்படியான பெட்டியை முழுசாக வாங்கி றாமையும் டிஸ்க்கையும் மட்டும் மாற்றுவது புத்தி. எல்லாத்தையும் தனித்தனியே பொருத்த ஆசையென்றால் பொது அளவிலான கேஸும் மதர்போர்ட்டும் எடுங்கோ.

வேகத்தைக் கூட்ட ஒரே ஒரு மாற்றம் செய்யக் காசு இருந்தால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கோ. தேத்தண்ணி ஊத்தி முடியும் மட்டும் காத்திருந்த பெட்டி, அரை நிமிஷத்தில் எழும்பும். றாம் வாங்க முதல் பழையதைக் கழற்றி அதில் ஒட்டியிருப்பதை வாசியுங்கோ. டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது, மடிக்கணினியின் றாம் பெரும்பாலான மேசைக் கணினிகளுக்குச் சேராது.

கைவைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. பவர் சப்ளையின் மூடியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கி நிற்கும். தனியே வாங்குவதென்றால் பெயர் தெரியாத மலிவுச் சாமானும் வேண்டாம். மிச்சம் பிடிப்பதற்கு வேறு இடங்கள் இருக்கு.

விண்டோஸ் 11 ஏறாத பெட்டியையும் எறியத் தேவையில்லை. விண்டோஸ் 10க்குப் பதிவு செய்தவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நீடித்தது. அது தற்காலிக வழி. லினக்ஸ் மின்ற் அல்லது உபுண்டு போட்டால் இலவசமாகவே பல வருஷம் ஓடும். அதில் தமிழ்99 விசைப்பலகையும் சேர்க்கலாம். 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கியபோது புலம்பெயர் தமிழர்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் குந்தியிருந்துதான் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தார்கள். அவர்களிடம் இருந்த பெட்டிகளைவிட, இன்று நீங்கள் எறிய யோசிக்கும் பெட்டி பல மடங்கு வலுவானது.

"இந்த மினக்கேடு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. புதுசுக்கு உத்தரவாதம் இருக்கு, நேரமும் காசுதான். பிள்ளை கேட்பது புது விளையாட்டுகளுக்கான பெட்டி என்றால், இந்தச் சின்ன அலுவலகப் பெட்டி அதற்கு ஈடுகொடுக்காது. அதைப் பிள்ளைக்கு முதலே சொல்லிவிட வேணும். ஆனால் வீட்டுப்பாடம், மின்னஞ்சல், தமிழ்ப் பாடம், அம்மாவுக்கு ஊரோடு வீடியோவில் கதைப்பது, இவற்றுக்கு அறுநூறு எழுநூறு பவுண் கட்ட ஒரு காரணமும் இல்லை. போதாததற்கு, 2025இன் கடைசியிலிருந்து ஏ.ஐ. தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் றாமின் விலை ஏறிவிட்டது. மைக்ரோன் கொம்பனி தன் 'குரூஷியல்' சில்லறை விற்பனையையே கைவிடுவதாக அறிவித்தது. அலுமாரிக்குள் கிடக்கும் பழைய றாம் குப்பை இல்லை, சாமான்.

குடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். எங்கட பழைய டிஸ்க்குகளில் கலியாணப் படங்கள் மட்டும் இல்லை. பாஸ்போர்ட் பிரதிகள், உள்துறை அமைச்சுக்கு எழுதிய கடிதங்கள், சிலரிடம் அகதி வழக்கின் வாக்குமூலங்களே இருக்கு. கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினால் போய்விட்டதென்று நினைக்காதையுங்கோ. மீட்டெடுக்க இலவச மென்பொருளே இருக்கு. படங்களைப் பிரதி எடுத்துவிட்டு, டிஸ்க்கை அதற்குரிய மென்பொருளால் முழுசாகத் துடையுங்கோ. சந்தேகமென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் குடுங்கோ.

பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் கொம்பியூட்டர் அனுப்புவது நல்ல காரியம். ஆனால் இங்கே ஓடாத பெட்டி அங்கே போனால் மட்டும் ஓடாது. கப்பல் கூலி கட்டி அனுப்பியது கடைசியில் ஊர்க் குப்பையாகத்தான் முடியும். 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் தொன் மின்னணுக் குப்பையை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால் பங்குக்கும் குறைவு. உண்மையில் செத்த பெட்டியை ஃபோர்வர்ட் டிரைவில் உள்ள கவுன்சில் மறுசுழற்சி நிலையத்தில் குடுங்கோ. ஓடும் பெட்டியைத் துடைத்து, மென்பொருள் ஏற்றி, சோதித்துப் பார்த்து அனுப்புங்கோ.

இங்கேயும் தேவை இருக்கு. கொரோனா முடக்கத்தின்போது பிரித்தானியாவில் 11 லட்சத்துக்கும் 18 லட்சத்துக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் வீடுகளில் மடிக்கணினியோ மேசைக் கணினியோ டப்லெட்டோ இல்லை என்று ஒஃப்கொம் மதிப்பிட்டது. அந்தப் பிள்ளைகளில் எங்கட பிள்ளைகளும் இருந்தார்கள். வெட்கத்தில் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் மண்டபத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தகப்பன்மார் இரண்டு மணித்தியாலம் வாசலில் நின்று அரசியல் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் அங்கே ஒரு மேசை போடுங்கோ. நாலு ஸ்குரூ டிரைவர், யாரோ கழித்த இரண்டு பெட்டி, கேள்வி கேட்கும் பத்துப் பிள்ளைகள் போதும். பழுதைச் சேர்ந்திருந்து திருத்தும் இப்படியான ஒன்றுகூடல்களை 'ரீஸ்டார்ட் புரொஜெக்ட்' என்ற அமைப்பு 2012இலிருந்து லண்டனில் நடத்துகிறது. முறை தெரியாவிட்டால் அவர்களிடம் போய்ப் பாருங்கோ. டைனமோ சுற்றிய கை அந்த மேசைக்கு வந்தால், பிள்ளைகள் தாங்களாகவே கிட்ட வருவார்கள்.