தாய்வழி நகைகளும் தாமதிக்கும் நீதியும்

இறுதி யுத்த காலத்தில் வன்னியில் மீட்கப்பட்டு இராணுவத்தின் வசமிருந்த பொன், வெள்ளிப் பொருட்கள் 2025 மே மாதம் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டன. யுத்தம் முடிந்து 16 ஆண்டுகள் கடந்த நிலையில், அவை யாருக்குச் சேர வேண்டும் என்ற வினா மீண்டும் எழுந்துள்ளது. அதற்கு விடை காண, அந்நகைகள் எவ்வழியாகக் கைமாறி வந்தவை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1706 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, தந்தைவழி முதுசொத்தை ஆண்மக்களுக்கும், தாயின் சீதனத்தைப் பெண்மக்களுக்கும் உரித்தாக்கியது. பின்வந்த சட்டங்கள் இப்பாகுபாட்டை மாற்றியபோதிலும், நகை தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் வழக்கம் மாறவில்லை. பேர்த்தியின் திருமணத்துக்காகப் பாட்டியின் அட்டியல் உருக்கப்பட்டுச் சங்கிலியாகலாம். வடிவம் மாறினும் பொன் அதே பொன்தான்.

1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தனது காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்பட்டது. நகை போன்ற அசையும் சொத்துக்கு அது தேவைப்படவில்லை. அவ்வகையில், பெண் தன் விருப்பப்படி கையாளக்கூடிய பெருஞ்சொத்தாக இருந்தது நகையே. காலபோக விதைப்புக்கு அடைவு வைத்து, அறுவடை முடிந்ததும் மீட்பது வன்னி விவசாயக் குடும்பங்களின் வழமை. பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியச் செலவுக்கும் உதவியதும் அதுவே.

யுத்த காலத்தில் பலர் தமது நகைகளை விடுதலைப் புலிகளின் தமிழீழ வைப்பகத்தில் அடைவு வைத்திருந்தனர். 2009 இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தவர்கள், கையிலிருந்த எஞ்சிய நகைகளை அரிசிக்கும் பால்மாவுக்குமாக விற்றனர். வவுனியா செட்டிகுளம் முகாம்களை வந்தடைந்தபோது தாலிக்கொடியும் இல்லாதிருந்தோர் பலர்.

2014 ஒக்டோபரில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ, கிளிநொச்சியில் ஒரு பகுதியினருக்கு நகைகளைக் கையளித்தார். எஞ்சியவற்றைப் பகிர்ந்தளிக்கும்போது இரண்டு விடயங்கள் கவனிக்கப்பட வேண்டும். முதலாவது, பற்றுச்சீட்டு. குண்டுவீச்சுக்கிடையே உயிரை மட்டும் காத்துக்கொண்டு வந்தவர்களிடம் கடதாசியை மட்டுமே ஆதாரமாகக் கேட்பது நியாயமன்று. நகையின் அமைப்பு, பவுண் கணக்கு, திருமணப் புகைப்படம், உறவினர் சாட்சியம் ஆகியனவும் ஏற்கப்படல் வேண்டும். இரண்டாவது, உரித்து. அடைவு வைத்தவர் கணவனாயிருப்பினும், நகை மனைவியின் சீதனமாயிருக்கலாம். அவள் உயிருடன் இல்லையெனில், அவளுடைய பெண்மக்களின் கோரிக்கையும் செவிமடுக்கப்பட வேண்டும். எவரும் உரிமை கோராதவற்றை, அப்பிரதேசத்தில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வாழ்வாதாரத்துக்குப் பயன்படுத்தலாம்.

நகையை நன்கு அடையாளம் காட்டக்கூடியவர்கள் அதனை அணிந்த தாய்மாரே. அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தலைமுறை மறையுமாயின், பெட்டகத்திலுள்ள பொன் எவருடையதென்று சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். தாமதம் இனியும் தொடரலாகாது.