ஸ்டென்ட் வைத்த பிறகு தரும் மாத்திரை எல்லோருக்கும் வேலை செய்யுமா? ஜீன் டெஸ்ட் சொல்வது என்ன?

இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாச்சு. அடுத்து டாக்டர் எழுதும் சீட்டில் ஆஸ்பிரினோடு பலருக்கு இன்னொரு மாத்திரையும் இருக்கும்: குளோபிடோக்ரெல். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் தடுப்பதுதான் இதன் வேலை. 'ஒரே மாத்திரை, ஒரே டோஸ்... எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே கேட்கும்?' என்றால், இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்?

இந்த மாத்திரை விழுங்கியதும் வேலையைத் தொடங்காது. கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்ற என்சைம்தான் அதைச் செயல்படும் மருந்தாக மாற்ற வேண்டும். அந்த என்சைமுக்கான ஜீனில் சிலருக்குப் பிறவியிலேயே மாற்றம் இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால், மாத்திரையைத் தவறாமல் போட்டாலும் போதிய பலன் கிடைக்காமல் போகலாம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2010-லேயே இதுபற்றி எச்சரித்தது.

நமக்கு ஏன் முக்கியம்?

பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் 57% பேருக்கு இந்த ஜீன் மாற்றம் ஒன்றாவது இருந்தது. ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் இது அதிகம்.

தீர்வு?

ரத்தம் அல்லது எச்சில் மாதிரியில் ஜீனைப் பார்த்துவிடலாம். மாற்றம் இருந்தால் பிராசுக்ரெல், டைகாக்ரெலர் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. 'அப்போ எல்லாருக்கும் அதையே கொடுத்துடலாமே?' முடியாது. அவற்றில் ரத்தக்கசிவு அபாயம் அதிகம். யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பதுதான் துல்லிய மருத்துவம்.

சிக்கல் எங்கே?

5,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற டெய்லர்-பிசிஐ ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. ஜீன் மாற்றம் உள்ளவர்களில், டெஸ்ட் பார்த்து மருந்து கொடுத்த குழுவில் ஓராண்டுக்குள் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 4%. வழக்கமான சிகிச்சைக் குழுவில் 5.9%. குறைந்தது உண்மை. ஆனால் அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவரம் வலுவாக இல்லை.

அடுத்தது நேரம். மாரடைப்போடு வருபவருக்கு மருந்து உடனே தேவை. லேப் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க முடியாது. ஜீன் மட்டுமே காரணமும் இல்லை. சர்க்கரை நோய் இருந்தாலும் மாத்திரையின் பலன் குறையலாம். அசிடிட்டிக்குப் போடும் ஒமிப்ரசோல்கூட அதே என்சைமைத் தடுக்கும்.

ஒன்று முக்கியம்: 'எனக்கு இது வேலை செய்யலையோ' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால், போடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலோடு உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள்.