வயலுக்கும் பெயர் உண்டு

மனிதருக்குப் பெயர் உண்டு. மாட்டுக்கும் பெயர் வைக்கிறோம். வயலுக்கும் பெயர் உண்டு, தெரியுமா?

நஞ்சை, புஞ்சை என்கிறோம். 'செய்' என்றால் வயல். நன்செய்தான் நஞ்சை ஆனது. புன்செய் புஞ்சை ஆனது. நீர் பாய்ந்து நெல் விளைவது நஞ்சை. மழையை நம்பி விளைவது புஞ்சை.

ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பெயரும் உண்டு. மேட்டில் இருந்தால் மேட்டுக்காடு. பள்ளத்தில் இருந்தால் பள்ளக்காடு. பக்கத்தில் கிணறு இருந்தால் கிணற்றடி வயல். புளியமரம் நின்றால் புளியமரத்துச் செய்.

அளவும் பெயர் ஆகும். அரைக்காணி, நாலு மா என்பார்கள். தஞ்சைப் பக்கம் மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர்.

சோழர் காலத்தில் ஏரியைப் பராமரிக்க நிலம் விட்டார்கள். அது ஏரிப்பட்டி. கோயில் விளக்கு எரிய விட்ட நிலம் திருவிளக்குப்புறம். கல்வெட்டுகளில் இந்தப் பெயர்கள் உள்ளன.

நிலம் மாறினாலும் பெயர் நிற்கும். நம் ஹைதராபாத்தில் நல்லகுண்ட என்ற இடம் உள்ளது. தெலுங்கில் 'நல்ல' என்றால் கருப்பு. 'குண்ட' என்றால் குட்டை. இன்று அங்கே எங்கும் வீடுகள். பெயர் மட்டும் பழைய குட்டையைச் சொல்கிறது.

அயர்லாந்து நாட்டிலும் வயல்களுக்குப் பெயர் உண்டு. அங்கே மீத் என்ற பகுதியில் பெரியவர்களிடம் கேட்டுப் பெயர்களைத் திரட்டினார்கள். 2013இல் அது புத்தகமாக வந்தது.

பெயரை ஏன் எழுதி வைக்க வேண்டும்?

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலத்தை அளந்து எண் கொடுத்தார்கள். அதுதான் சர்வே எண். பட்டாவில் அந்த எண்தான் இருக்கும். 'கிணற்றடி வயல்' என்று இருக்காது. வீட்டில் உள்ளவர்களுக்கோ பெயர்தான் தெரியும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்பது தாத்தாவுக்கு மட்டும் தெரியும். அவர் போன பிறகு என்ன ஆகும்? அண்ணன் தம்பிக்குள் சண்டை வரலாம். ஒரு வயல் என்று சொல்லி, வேறு வயலின் எண்ணை எழுதி, யாரேனும் கைநாட்டு வாங்கிவிடலாம்.

ராமச்சந்திராபுரத்தில் வேலைக்கு வந்து தங்கிய தமிழர்கள் பலர் உண்டு. சிலருக்குச் சொந்த ஊரில் நிலம் இருக்கும். பிள்ளைகள் அந்த வயலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊருக்குப் போகும்போது பெரியவர்களோடு வயலுக்குப் போங்கள். பெயரைக் கேளுங்கள். ஒரு நோட்டில் இப்படி எழுதுங்கள்:

வயலின் பெயர்.
சர்வே எண், உட்பிரிவு எண்.
பரப்பு.
நான்கு எல்லைகள்.

பிறகு பட்டாவை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். உங்கள் வயலை நீங்களே எழுதி வையுங்கள்.