தொங்குபடுக்கையும் உறைகுளிரும்

வெம்மை போர்வை தரும் பொருளன்று. உடல் ஈன்றதைப் போர்வை காக்கிறது, அவ்வளவே. அமைதியாக உறங்கும் ஒருவரின் உடல் மணிக்கு ஏறத்தாழ 60 முதல் 70 கிலோ கலோரி வெப்பத்தை ஈனுகிறது. இவ்வரவும் வெப்பச் செலவும் ஒத்திருக்கும்வரை உள்ளுடல் 37 பாகை செல்சியசை ஒட்டி நிலைக்கும். செலவு மிகுந்தால் நடுக்கம் பிறக்கும். செலவின் வாயில்கள் நான்கு. தொட்ட பொருளுக்குள் வெப்பம் இறங்குவது கடத்தல். நகரும் காற்று அதை அள்ளிச் செல்வது, பாடநூல்கள் சலனம் என்று எழுதினும் நான் விரும்பி எழுதும் சொல்லால், உலவல். இடைப்பொருளின்றிப் பாய்வது கதிர்வீச்சு. வியர்வையும் மூச்சின் ஈரமும் கொண்டு போவது ஆவியாதல்.

அசையாத காற்று வெப்பத்தை மிக மெல்லக் கடத்தும்; நீரோ அதனினும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்தும். கம்பளியும் இறகும் பஞ்சும் தாமே சூடு பிறப்பிப்பதில்லை; தம் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி, அதை உலவவொட்டாமல் நிறுத்துவதே அவற்றின் பணி. அவ்வாறு காற்றேந்தி நிற்கும் பருமனைப் புடைப்பு என்போம். நசுங்கினாலும் நனைந்தாலும் புடைப்புக் கெடும்; அது கெட்டால் காப்பும் கெடும்.

இனித் தொங்குபடுக்கைக்கு வருவோம். இரு மரங்களுக்கிடையே தொங்கவிடும் இத்துணிப் படுக்கையைக் கரிபியத் தீவுகளின் தொல்குடியினர் பயன்படுத்தி வந்தனர். ஈரத்தினின்றும் ஊர்வனவற்றினின்றும் உடலை உயர்த்தி, அடியில் காற்று புகவிடும் அதன் அமைப்பு வெப்பநாட்டுக்கு வாய்த்த அருமை. உறைகுளிரிலோ அதுவே கேடாகிறது. உறங்குபைக்குள் புகுந்து படுத்தவரின் எடை, முதுகின் கீழுள்ள புடைப்பை முழுதும் நசுக்கிவிட, மெல்லிய துணியின் அடிப்புறத்தைத் தழுவியோடும் காற்று இரவெல்லாம் வெப்பத்தைக் கவர்கிறது. மார்பு வெதுவெதுப்பாக இருக்க முதுகு விறைப்பது இதனாலேயே. மேலே எத்தனை கம்பளிகளை அடுக்கினும் இக்குறை தீராது.

தீர்வு, காப்பை உடலின் எடை தீண்டாத இடத்தில் வைப்பதே. படுக்கைத் துணிக்குப் புறத்தே, அதன் அடியை ஒட்டித் தனியே தொங்கும் அடிப்போர்வை நசுங்குவதில்லை. ஆனால் அது இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். விரலளவு வழி கிடைத்தாலும் காற்று உட்புகுந்து உலவலைத் தொடங்கிவிடும். அடிப்போர்வை இல்லாதார் நுரைப்பாய் விரிக்கலாம். அதன் மூடிய நுண்ணறைகள் எடையை ஓரளவு தாங்கும், எனினும் உறக்கத்தில் பாய் நழுவும்.

அடிப்போர்வைக்குள் அடைக்க நம் இலவம்பஞ்சை நான் பரிந்துரைக்கிறேன். அதன் ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற குழல். குழலுக்குள்ளும் காற்று, குழல்களுக்கிடையிலும் காற்று. இழையின் மேல் இயல்பாய் அமைந்த மெழுகுப் படலம் நீரை எளிதில் ஏற்காது. அதனாலேயே கப்பலோரின் மிதவையங்கிகளில் முன்பு இப்பஞ்சை அடைத்தனர். பருத்தியோ ஈரத்தை உறிஞ்சிப் புடைப்பை இழக்கும். இலவம்பஞ்சு ஒருபுறம் ஒதுங்கித் திரளும் குறையுடையது; சிற்றறைகளாகத் தைத்தால் அது மட்டுப்படும். மும்பைத் தாராவியின் தையற்கூடங்களுக்கு இஃது அரிய வேலையன்று.

மும்பையின் மாதுங்காவிலோ செம்பூரிலோ உறைகுளிரைக் காண இயலாது; அந்நகரின் சாந்தாகுரூசில் பதிவான மிகத் தாழ்ந்த வெப்பநிலையே 1962 சனவரியில் கண்ட 7.4 பாகைதான். ஆயினும் 1,646 மீட்டர் உயர்ந்த கல்சுபாய் முடியில், ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை என்னும் பொதுக்கணக்கின்படி, கடற்கரையினும் பத்துப் பாகைக்கு மேல் குளிரும். மகாபலேசுவரின் வெண்ணா ஏரிக்கரைப் புல்லில் சில குளிர்கால விடியல்களில் உறைபனியே படிகிறது. முகிலற்ற இரவில் புல் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசிச் சுற்றியுள்ள காற்றினும் குளிர்கிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே ஏரிக்கரையை விடுத்துச் சரிவின் நடுவே, காற்றுக்கு ஒதுங்கிய மரங்களைத் தேர்க. அங்கே நிலத்தினின்று உயர்ந்திருப்பது ஊதியம்: உறைபனி படியும் அடித்தளக் காற்றுக்கு மேலே படுக்கை நிற்கும். தலைக்கு மேல் கட்டும் மேற்கட்டி மழைக்கு மட்டுமன்று. வானுக்குப் பாயும் கதிர்வீச்சையும் அது மறிக்கிறது.

ஏறிவந்த வியர்வை நனைத்த உடையைக் களைந்து உலர்ந்ததை அணிந்த பின்னரே படுக்க வேண்டும். நன்கு மூடிய புட்டியில் ஒரு லிட்டர் வெந்நீரைத் துணி சுற்றி உடன் வைத்தால், அது 70 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஆறும்போது 40 கிலோ கலோரி தரும்; உறங்கும் உடல் அரைமணிக்கும் மேலாக ஈனும் வெப்பம் அது. ஆனால் மேற்கட்டியை நாற்புறமும் இழுத்து மூடி உள்ளே கரியடுப்பு மூட்டாதீர். கார்பன் மோனாக்சைடு என்று பள்ளியில் பயின்ற கரிம ஓருயிரகத்துக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே அது கொல்லும்.