இரண்டாவது டிஸ்க்

2004இல் புத்தூர் நால்ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் கல்யாண வீடியோ மிக்சிங் செய்துகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ முகூர்த்தம் முடிந்த மறுநாள், கேமராக்காரர் நான்கைந்து மினி டிவி (MiniDV) கேசட்டுகளைக் கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குக் கேப்சர் என்று பெயர். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும்; குறுக்குவழி கிடையாது. ஃபயர்வயர் கேபிளில் நொடிக்குச் சுமார் 3.6 எம்பி, மணிக்கு 13 ஜிபி. இன்றைய கணக்கில் சொற்பம்தான். ஆனால் கேசட் யாருக்காகவும் நிற்காது. டிஸ்க் சற்று நேரம் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த நேரத்துப் படம் விழுந்துவிடும்.

என்னிடம் இருந்தது ஒரே 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ், படத்தை வெட்டும் பிரீமியர் மென்பொருள், படம் எல்லாம் அதில்தான். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும். படிக்கிற தலையும் எழுதுகிற தலையும் ஒரே கையில் பூட்டியவை. விண்டோஸ் தன் கோப்பைத் தேடித் தலையை இழுத்தால், படம் எழுதுகிற இடத்தை விட்டுவிட்டுத்தான் அது போக வேண்டும். பந்தியில் ஒரே ஆள் சாம்பாரும் ஊற்றி, சாப்பிட்ட இலையும் எடுப்பது மாதிரி.

ஒரு கல்யாணத்தில் மாங்கல்யதாரணத்திலேயே படம் விழுந்தது. கெட்டிமேளம் கேட்கிறது, மாப்பிள்ளையின் கை கழுத்தருகே போகிறது, உடனே அட்சதை விழுகிறது. முடிச்சுப் போட்டதைக் காணோம். கேசட்டைத் திருப்பி மறுபடி ஏற்றினேன். இந்த முறை முடிச்சு கிடைத்தது, ஊஞ்சலில் படம் விழுந்தது. அந்த வாரமே இரண்டாவது டிஸ்க் வாங்கினேன்.

வாங்கினால் மட்டும் போதவில்லை. பழைய டிஸ்க் இருந்த ஐடிஇ கேபிளிலேயே புதியதையும் மாட்டி, ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் என்று ஜம்பர் வைத்தேன். ஒரே கேபிளில் இருக்கும் இரண்டும் ஒரே நேரத்தில் பேச முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்று முடித்தால்தான் மற்றதற்கு வழி. புதியதைத் தனிக் கேபிளுக்கு மாற்றியதும் படம் விழுவது நின்றது. அப்புறம், வெட்டிக் கோத்ததை முழுப் படமாக எழுதும் ரெண்டர் கோப்புகளுக்கென்று மூன்றாவதும் வந்தது. ஒன்றிலிருந்து படித்து இன்னொன்றில் எழுதும்போது எந்தத் தலையும் அங்கும் இங்கும் ஓட வேண்டியதில்லை. இரவு போட்ட ரெண்டர் விடிவதற்குள் முடிந்திருந்த அந்த முதல் காலை இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு டிஸ்க்கை ஒன்றாகக் கோத்து வேகத்தைக் கூட்டும் ரெய்டு 0 முறையும் இருந்தது. ஆனால் அதில் ஒன்று செத்தால் இரண்டிலும் இருப்பது போய்விடும். அடுத்த வீட்டுக் கல்யாணத்தை அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சினிமாவிலும் இதே பாடுதான். 1994இல் வந்த ‘மகாநதி’, அவிட் என்னும் கம்ப்யூட்டர் எடிட்டிங் முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்பார்கள். அந்தக் காலத்து அவிட் வேலையில், டிஸ்க் கொள்ளாது என்பதால் படத்தைத் தரம் குறைத்து ஏற்றி வெட்டுவார்கள். பிறகு ஃப்ரேம் எண்களைப் பார்த்து நெகடிவை வெட்டுவார்கள். இன்று 4கே படத்துக்கு நான் பிராக்ஸி போடுவதும் ஏறக்குறைய அதே வழிதான்.

இப்போது என் கம்ப்யூட்டரில் விரல் நீளத்தில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. தட்டும் இல்லை, தலையும் இல்லை. நொடிக்கு 3000 எம்பிக்கு மேல் படிக்கிறது. மூன்று கேமராவின் 4கே படம், ஒவ்வொன்றும் மணிக்கு 45 ஜிபி. மூன்றையும் சேர்த்து ஓட்டினாலும் அது அசராது. திணறினால் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்தான் திணறும். “அண்ணே, இன்னும் எதுக்கு மூணு டிஸ்க்?” என்று என்னிடம் வேலை பழகும் பையன் கேட்டான். வேகத்துக்காக என்றால் அவன் கேட்டது பெரும்பாலும் நியாயம்தான்.

அன்று டிஸ்க் வெறும் வேலை மேசை. ஒரு கல்யாணத்தைத் துடைத்தால்தான் அடுத்ததற்கு இடம். 2012 மின்வெட்டில் ஒரு டிஸ்க் போனபோதும் நான் பதறவில்லை. பாதி வெட்டிய கல்யாணத்தின் கேசட்டுகள் அலமாரியில் இருந்தன. இன்று மெமரி கார்டை மறுநாள் முகூர்த்தத்துக்கே துடைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு டிஸ்க்கில் இருப்பதுதான் மூலம். அதனால் கார்டு கைக்கு வந்ததும், ஒரு வெட்டும் போடுவதற்கு முன்னால், சுழலும் பெரிய டிஸ்க்குகள் இரண்டில் பிரதி எடுக்கிறோம். அதில் ஒன்று காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்குப் போய்விடும். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் மூன்றாவது டிஸ்க், வெட்டும்போது உருவாகும் தற்காலிக (கேஷ்) கோப்புகளுக்கு.

போன மாதம் ஒரு பெண் தன் கல்யாணக் கேசட்டோடு வந்தார். அப்பாவின் குரல் வேறெதிலும் இல்லை என்றார். பழைய கேமராவைத் தேடி எடுத்து, ஃபயர்வயரில் மாட்டி, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். அதே நொடிக்கு 3.6 எம்பி, அதே ஒரு மணி நேரம். ஒரு ஃப்ரேம்கூட விழவில்லை. இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றிய பிறகுதான் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.