அரிக்கமேடு: ஏட்டில் பெயர், மண்ணில் ஊர்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடல்வழி நூல், இந்தியாவின் கிழக்குக் கரையில் ‘பொதுகே’ என்ற துறைமுகத்தைப் பெயர் மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறது. அது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஊர்ப்பெயர் பொறித்த கல் எதுவும் இங்கே கிடைக்கவில்லை.

1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது இத்தாலியின் அரெட்டைன் கலங்களும் மதுச்சாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. அரெட்டைன் கலங்களின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்தது. அதைக் கொண்டு, அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு இது பெரும் பிடிமானம். ஆனால், வணிக ஊரின் தொடக்கத்தையும் ரோமானியச் சரக்கோடு சேர்த்தே கணித்துவிட்டார். 1989–92 அகழாய்வு, மக்கள் அதற்கு முன்பே இங்கு வாழ்ந்ததைக் காட்டியது.

இங்கே கல்மணி செய்தவர்களையும், பானையில் தமிழ் பிராமியில் பெயர் கீறியவர்களையும் பெரிப்ளுஸ் குறிப்பிடவே இல்லை.